கர்பூரி தாக்கூர்: கிழிந்த கோட்டும் 26 விழுக்காடும்

பீகாரின் முன்னாள் முதல்வர் கர்பூரி தாக்கூருக்கு பாரத ரத்னா விருது 2024 ஜனவரி 23 அன்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் அவருடைய நூற்றாண்டு. தமிழ்நாட்டில் பலர் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். அறிமுகமாகச் சொல்லப்பட்டதெல்லாம் ஏறக்குறைய ஒரே கதை: இரண்டு முறை முதல்வராக இருந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிழிந்த கோட்டை இரவல் வாங்கிப் போனவர், சொத்து சேர்க்காமல் போய்ச் சேர்ந்தவர். கக்கனையும் காமராசரையும் அறிந்த நமக்கு இந்தக் கதை சட்டென்று பிடித்துப்போகிறது. ஆனால் எளிமையானவர் என்று கும்பிட்டு முடித்துவிட்டால், அவர் என்ன செய்தார், அதற்காக என்ன பாடுபட்டார் என்று கேட்கத் தோன்றாது. கர்பூரியைப் புரிந்துகொள்ளக் கோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆள் யார் என்பது. இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் பிதௌஞ்சியா என்ற சிற்றூரில் 1924-இல், முடிதிருத்தும் தொழில் செய்யும் நாயி சாதியில் பிறந்தார். அந்த ஊர் இப்போது அவர் பெயரிலேயே கர்பூரி கிராமம் எனப்படுகிறது. 1942-இல் கல்லூரியை விட்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் குதித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1952-இல் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தாஜ்பூர் தொகுதியில் வென்றார். மக்களவைத் தேர்தலில் 1984-இல் தோற்றதுண்டு. சட்டமன்றத் தேர்தலில் தோற்றதில்லை. 1970 டிசம்பரில் முதல்வரானபோது ஆட்சி ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. நெருக்கடி நிலைக்குப் பின், 1977 ஜூனில் ஜனதா கட்சி ஆட்சியில் மறுபடி முதல்வரானார். அவர் பெயர் நிலைத்தது இந்த இரண்டாம் முறையில்தான்.

இனி அந்தக் கணக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கு வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு தந்தவர் என்று அவரைச் சொல்வது சரிதான், ஆனால் அது பாதிதான். 1978 நவம்பரில் அவர் அரசு அறிவித்தது மொத்தம் 26 விழுக்காடு. அதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, முன்னேறிய சாதிகளில் உள்ள ஏழைகளுக்கு 3. முங்கேரி லால் ஆணையம் 1976-இல் தந்த அறிக்கைதான் இதற்கு அடிப்படை. ஆணையம் அடையாளம் கண்ட 128 பிற்படுத்தப்பட்ட சாதிகளில் 94 மிகவும் பின்தங்கியவை.

12-ஐயும் 8-ஐயும் ஏன் பிரிக்க வேண்டும்? மொத்தமாக 20 என்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஜமீன்தாரி ஒழிந்த பிறகு யாதவ், குர்மி, குஷ்வாகா சாதிகளில் ஒரு பகுதியினருக்குக் கொஞ்சம் நிலம் கைக்கு வந்தது. நிலத்தோடு படிப்பும், படிப்போடு அரசியலும் வந்தன. இவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான், உயர்சாதி ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர்கள்தான். ஆனால் ஆற்றில் வலை வீசும் மல்லா, பானை வனையும் கும்ஹார், தறி நெய்யும் முஸ்லிம் மோமின், முடிதிருத்தும் நாயி ஆகியோருக்கு நிலமும் இல்லை, ஊருக்கு ஊர் சிதறிக் கிடப்பதால் வாக்கு பலமும் இல்லை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தால் முன்னால் நிற்பவருக்கே பந்தி முடிந்துவிடும். கடைசியில் நிற்பவருக்குத் தனி இலை போட வேண்டும், அதுவும் பெரிய இலையாக இருக்க வேண்டும் என்பதுதான் கர்பூரியின் கணக்கு. பீகார் அரசாணைகளில் இந்த இரண்டு பட்டியல்களும் ‘அனெக்சர் 1’, ‘அனெக்சர் 2’ என்று இணைப்புகளாக இருக்கின்றன. அங்கே ‘அனெக்சர் ஒன்று’ என்றாலே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று பொருள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கணக்கு அல்ல. சட்டநாதன் ஆணையம் 1970-இலேயே இப்படியொரு பிரிவினையைப் பரிந்துரைத்தது. 1989-இல்தான் இங்கே பிற்படுத்தப்பட்டோருக்கான 50 விழுக்காடு, 30 என்றும் 20 என்றும் பிரிந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிப் பங்கு கிடைத்தது. பீகாரில் நாயி இருப்பது போலவே, இங்கே மருத்துவர், நாவிதர் சமூகங்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. நமக்குப் பதினோரு ஆண்டு முன்பே பீகார் அதைச் செய்துவிட்டது. பிந்தேஸ்வரி பிரசாத் மண்டல் தலைமையிலான ஆணையம் 1980-இல் தந்த அறிக்கையில்கூட இந்தப் பிரிவு இல்லை. உறுப்பினர் எல்.ஆர். நாயக் மட்டும் பிரிக்க வேண்டும் என்று மாற்றுக் கருத்து எழுதினார்.

அவரைப் பற்றி உலவும் இன்னும் மூன்று கருத்துகளைத் தெளிவுபடுத்த வேண்டும்.

அவர் ஆங்கிலத்தை ஒழித்தார் என்பது ஒன்று. 1967-இல் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்தபோது, மெட்ரிக் தேர்வில் ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்ற விதியை நீக்கினார். பாடத்தை நீக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண்கள், அந்த ஒரு தாளில் விழுந்து படிப்பையே விட்டுவிடுவதுதான் காரணம். அப்படித் தேறியவர்களைக் ‘கர்பூரி டிவிஷன்’ என்று நகரத்தார் கேலி செய்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாடு ஆங்கிலத்தைக் காத்துக்கொண்டு இந்தியை விலக்கியது. சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவின் வழிவந்த கர்பூரிக்கு ஆங்கிலம் மேட்டுக்குடியின் மொழி. நமக்கு இந்தி ஆதிக்கத்துக்கு எதிரான கேடயம். இரண்டு முடிவுகளும் அவரவர் மண்ணில் நியாயம் உடையவை. ஆனால் ஆங்கிலம் வேலைக்கான வாசலாகவே தொடர்ந்ததால், அந்தச் சலுகை ஏழைப் பிள்ளையை மெட்ரிக் தாண்டவைத்ததே தவிர அதற்கு மேல் கொண்டுபோகவில்லை. இதைக் குறையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

உயர்சாதி ஏழைகளுக்கு இடஒதுக்கீடு என்பதற்கு அவரே முன்னோடி என்பது அடுத்தது. 3 விழுக்காடு கொடுத்தது உண்மை. ஆனால் கடும் எதிர்ப்பைத் தணிக்கும் சமரசமாகவும், பின்தங்கியோரின் 20-க்குப் பக்கத்தில் சிறு பங்காகவும் அது வந்தது. நாட்டளவில் 1991-இல் நரசிம்ம ராவ் அரசு கொண்டுவந்த 10 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்தது. 2019-இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகே அது திரும்ப வந்தது. இன்றைய 10-க்குக் கர்பூரியின் 3-ஐச் சாட்சியாக நிறுத்துகிறவர்கள், பக்கத்தில் இருந்த 12-ஐயும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

உயர்சாதியினர் மட்டுமே அவரைக் கவிழ்த்தார்கள் என்பது மூன்றாவது. தெருவில் கலவரம் நடந்தது. நாற்காலியை விட்டுவிட்டுச் சவரக்கத்தியைப் பிடி என்ற பொருளில் அவர் சாதியைச் சொல்லியே கோஷம் போட்டார்கள். ஆட்சி கவிழ்ந்ததோ கட்சிக்குள். ஜனதா கட்சியில் ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1979 ஏப்ரலில் பதவி போனது. அடுத்து முதல்வரானவர் ராம் சுந்தர் தாஸ் என்ற தலித் தலைவர். பிற்படுத்தப்பட்டவரை இறக்கிவிட்டு தலித் ஒருவரை ஏற்றியதால், இது சாதிச் சண்டையே இல்லை என்று சொல்லவும் வழி கிடைத்தது.

1988 பிப்ரவரி 17 அன்று, 64 வயதில் அவர் காலமானார். இன்று லாலு பிரசாத்தின் கட்சியும் நிதிஷ் குமாரின் கட்சியும் அவர் படத்தை மேடையில் வைக்கின்றன. அன்று ஆதரவை விலக்கிய ஜனசங்கத்தின் வாரிசான பாரதிய ஜனதாவின் ஆட்சியில்தான் அவருக்கு பாரத ரத்னாவும் வந்தது. விருது கொடுத்ததைக் குறை சொல்ல வேண்டியதில்லை. விருதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு.

பீகார் அரசு 2023-இல் வெளியிட்ட சாதிக் கணக்கெடுப்பின்படி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மாநில மக்கள்தொகையில் 36 விழுக்காடு. அங்குள்ள பிரிவுகளிலேயே அதுதான் பெரியது. 1990-க்குப் பிறகு நெடுங்காலம் முதல்வர்களாக இருந்த லாலு, ராப்ரி தேவி, நிதிஷ் மூவரும் இரண்டாம் இணைப்பில் உள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள். கர்பூரி இறங்கிய பின், முதல் இணைப்பிலிருந்து இன்னொருவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை.