இளஞ்சிவப்புக்குள் மறைந்த வீடுகள்

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 1950இல் 95,280 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் 2,04,196 ஆனார்கள். ஊர் அப்படிப் பெருத்த கதையைச் சொல்ல, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அந்தக் காலத்தில் அச்சிட்ட தலப்படங்களை விட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் அவசரமாகப் பார்த்தால் அவை நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

படத்தின் அளவை 1:24,000. படத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 2,000 அடி. சமஉயரக் கோடுகள் பழுப்பு, நீர் நீலம். பிளம், ஆப்ரிகாட் தோட்டங்கள் பச்சைப் புள்ளி வரிசைகளாகத் தெரியும். அவற்றின் நடுவே தோட்டக்காரர் வீடும் கொட்டகையும் சிறு கறுப்புச் சதுரங்கள். நகரத்துக்கு வந்தால் இளஞ்சிவப்புப் பரப்பும் தெருக்களும், பள்ளி, தேவாலயம் போன்ற சில கட்டடங்களும்தான். தோட்டத்தில் ஆள் இருக்கிறார்கள், நகரம் காலி என்று தோன்றும். உண்மை நேரெதிர். வீடுகள் நெருங்கிய இடத்தில் ஒவ்வொன்றையும் வரைந்தால் படமே படிக்க முடியாதபடி கறுத்துப்போகும் என்பதால், வீடுகளை விட்டுவிட்டு நிறத்தைப் பூசினார்கள்.

பிந்தைய பதிப்புகள் சிலவற்றில் ஊதா நிறம் இருக்கும். அது வான்வழிப் புகைப்படத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்தது. நேரில் போய்ச் சரிபார்த்ததல்ல. ஓரத்துக் குறிப்பிலும் புகைப்படம் எடுத்த ஆண்டு, களத்தில் சரிபார்த்த ஆண்டு, வெளியான ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். தோட்டங்கள் மளமளவென்று தெருக்களான ஊரில் ஓரிரு ஆண்டு வித்தியாசம் சிறிய விஷயமல்ல.

இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அக்காலப் பழத்தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்க ஈய ஆர்சனேட் தெளிப்பது பரவலான வழக்கம். அந்த ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணை விட்டு எளிதில் போவதில்லை. பழைய தோட்ட நிலத்தில் புதிதாகக் கட்டுவதற்குமுன் மண்ணை ஆராய்பவர்கள் இந்தப் படங்களையும் பார்க்கிறார்கள். பச்சைப் புள்ளிகள் எந்த மருந்தை எவ்வளவு தெளித்தார்கள் என்று சொல்வதில்லை. மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும். அந்த இடம் 1950களின் படத்திலேயே இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தால், புள்ளிகள் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு முன் எடுத்த வான்வழிப் புகைப்படம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.