காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தச் சேலைகள் தறியில் ஏறியிருக்கும் நேரத்தில்தான் காஞ்சிபுரத்தில் வடகிழக்குப் பருவமழையும் டெங்குவும் சேர்ந்து வருகின்றன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், மழைக்குத் தறிக்குழியில் நீர் ஊறும் வீடுகள் உண்டு. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், இருட்டில் ஒதுங்கும். குழிக்குள் காலை விட்டுப் பகலெல்லாம் நெய்பவர் அதனிடமிருந்து தப்புவது கடினம்.

கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் படுத்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் காய்ச்சல் விட்ட மறுநாளே தறியில் இறங்கிவிடுகிறார்கள். டெங்குவில் அதிக ஆபத்தான காலம் அதுதான்: காய்ச்சல் இறங்கியதை ஒட்டி வரும் 24 முதல் 48 மணி நேரம்.

காரணம் நம் ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் ‘என்எஸ்1 டெஸ்ட்’ எடுக்கச் சொல்கிறார்களே, அந்த என்எஸ்1 டெங்கு வைரஸின் ஒரு புரதம். வைரஸ் புகுந்த செல்கள் அதை ஏராளமாக ரத்தத்தில் கொட்டுகின்றன. மோனோசைட் என்ற வெள்ளையணுவின் மேற்பரப்பில் டிஎல்ஆர்4 என்ற உணர்வி உண்டு. பாக்டீரியாவின் நச்சை அடையாளம் காண்பதுதான் அதன் முக்கிய வேலை. இந்த வேலையைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என்எஸ்1 இதே உணர்வியைத் தூண்டிவிடுகிறது. உடனே செல்லுக்குள் சமிக்ஞைகள் ஒன்றையொன்று எழுப்பி மரபணுக்கள் வரை போகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருட்களை வெள்ளையணு வெளியிடுகிறது. அவை ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்த, பிளாஸ்மா வெளியே கசிகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. என்எஸ்1 குழாயின் உட்பூச்சை நேரடியாகவும் அரிக்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுக்கள் என்எஸ்1 கசிவை உண்டாக்குவதைத் தனித்தனியே வெளியிட்டன. டிஎல்ஆர்4ஐத் தடுத்தபோது எலிகளில் கசிவு குறைந்தது என்பது முக்கியமான சான்று.

கசிவுக்கு இது ஒன்றே காரணமல்ல. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்பொருளே வைரஸை மோனோசைட்டுக்குள் கொண்டு சேர்த்துவிடலாம். இரண்டாவது டெங்கு கடுமையாகும் வாய்ப்பு கூடுவதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எப்படியானாலும், ரத்தத்தில் வைரஸ் குறைந்து உடல் சூடு தணிகிற வேளையில்தான் கசிவு உச்சத்துக்கு வருகிறது. வைரஸைவிட நம் உடலின் எதிர்வினையே அப்போது பெரிய அபாயம்.

நாமோ தட்டணு எண்ணிக்கையை மட்டும் கேட்டு அலைகிறோம். பப்பாளி இலைச் சாறு, ரத்த வங்கி என்று ஓட்டம் முழுவதும் அதற்காகவே. கசிவைக் காட்டும் எண் அதே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘பிசிவி’ (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியில் இருக்கிறது. பிளாஸ்மா வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. உரிய நேரத்தில், அளவறிந்து சலைன் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 2017இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படியே 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். கொசு ஒழிப்புப் பிரசாரத்துக்குத் தந்த அழுத்தத்தில் பாதியையாவது இந்த இரண்டு நாள் கண்காணிப்புக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆரம்ப சுகாதார நிலையங்கள் தட்டணுவோடு பிசிவியையும் சொல்லி, மறுநாளும் வரச் சொல்ல வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் தனியார் முதலாளிகளும், காய்ச்சலில் விழுந்த நெசவாளருக்குச் சேலை கொடுக்கும் நாளைத் தள்ளிவைத்து, சிறு முன்பணமும் தர வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், அளவு மீறிய சோர்வு என எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.