எபிரேய விதிகளும் கல்வராயன் மலையும்

கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என வழங்கும் எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களும் தமிழ் மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயர் பெற்றுள்ளன. ஆகமம் என்பது சைவர்க்குரிய இறைநூலின் பெயர். அப்பெயரைத் தம் நூற்குச் சூட்டிக்கொண்ட பாதிரிமாருட் பலர், சிவாகமங் கூறும் தூபம், தீபம், நைவேத்தியம், ஆசௌசம் முதலியவற்றை அஞ்ஞானம் என இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சிக்கு விடை பகர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் பீட்டர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத்தைத் தமிழாக்கத் துணைபுரிந்தவராதலின், அந்நூலை நுணுகிக் கற்றவர். 1854-இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், சைவரிடத்து இகழப்பட்டவை மோசேயின் விதிகளிலும் உளவாதலைக் காட்டினார். தன் நூலிற் கொண்டதைப் பிறர் நூலிற் பழித்தல் நடுவுநிலைமை யன்று என்பதே அவர் வாதத்தின் உயிர்.

இவ்வுயிரை மறந்த சைவர் சிலர், மோசேயின் நூல்களிலுள்ள கொடிய விதிகளை மட்டும் பொறுக்கி யெடுத்துப் படித்துக் கைகொட்டி நகைப்பதே சமயவாதம் எனக் கருதுகின்றனர். அது வாதமாகாமை காட்டுதும்.

அவ்விதிகளுள் இருவகை உண்டு. ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த ஆடையை உடுத்தலாகாது என்பது போல்வன வியப்பைத் தருவன. ஒருவர்க்குந் தீங்கு செய்யா. அவை நிற்க. தாய் தந்தையர்க்கு அடங்காத மகனை ஊராரெல்லாம் கல்லெறிந்து கொல்க என்கின்றது உபாகமம். ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவன் அவ்வாறே கொல்லப்பட்டான் என்கின்றது எண்ணாகமம். அந்நூலிலேயே, கணவனால் ஐயுறப்பட்ட மனைவி, ஆசரிப்புக் கூடாரத்தின் தரைப்புழுதியும் சாபவெழுத்தைக் கழுவிய மையும் கலந்த நீரைக் குடித்துத் தன் கற்பை மெய்ப்பித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஐயுற்ற கணவனுக்கோ குற்றமில்லை. கோலால் அடிக்கப்பட்ட அடிமை ஓரிருநாள் உயிரோடிருந்து பின் இறப்பின், அடித்த தலைவனுக்குத் தண்டனையில்லை என்கின்றது யாத்திராகமம். அவ்வடிமை அவனுக்குப் பொருள் என்பதே ஆண்டுக் கூறிய காரணம். இவை கொடியன என்பதில் ஐயமில்லை.

அற்றேல், அவை அக்காலத்து மக்களின் பக்குவத்திற்கேற்பத் தரப்பட்டன வென்றால் வரும் இழுக்கென்னை யெனின், கூறுதும். பக்குவ பேதம் சித்தாந்தத்திற்கு உடன்பாடே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதமும் அதுபற்றியே வகுக்கப்பட்டன. ஆயின், தம் நூற்கு இச்சமாதானம் உரைப்பார் சிவாகமத்திற்கு அதனை மறுத்தல் யாங்ஙனம்? அன்றியும், பக்குவம் விதியை மேற்கொள்வானுக்கே உரியது. அடியுண்டு இறந்தவனுக்கு அதனால் எய்திய பயன் யாது? ஒருவன் ஏறுதற்குரிய படி, மற்றொருவன் முதுகாதல் பொருந்தாது.

இதனை யூத ஆசிரியர்களே உணர்ந்தனர். அடங்காத மகனைப் பற்றிய விதிக்கு அவர்கள் நிபந்தனைமேல் நிபந்தனை வகுத்தனர்; அத்தகைய மகன் ஒருகாலும் இருந்ததில்லை, இருக்கப் போவதுமில்லை என்னும் கொள்கையும் தல்மூதிற் காணப்படுகின்றது. கசப்புநீர்ச் சோதனையை யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர் நிறுத்திவிட்டார் என்று மிஷ்னா கூறும். தம் நூலைக் கைவிடாமலே அதிலுள்ள கொடுமையைத் தாமே தடுத்தமை அவர்தம் பெருமையாம். நகைக்கும் சைவர் கற்கவேண்டுவது இதுவே.

இனி, அடிமை விதியை நகைப்பார் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையை ஒருமுறை நோக்குக. அம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து ஜாகீர்தார் ஆட்சியில் இருந்தது. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் குடிகள் ஜாகீர்தார்க்கு வரியும் இறுத்து, அவர் நிலத்திற் கூலியின்றி வேலையும் செய்தனர். 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1950-இல் வந்த அரசியற் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய வேலையை விலக்கியது. ஆயினும் 1976-இல் அரசு அந்நிலங்களை மேற்கொள்ளும் வரை மலைமேல் அவ்விடுதலை முழுதும் எய்தவில்லை. உபாகமமோ எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுக என்றும், விடுங்கால் ஆடும் தானியமும் திராட்சரசமும் கொடுத்து விடுக என்றும், தப்பி வந்த அடிமையைத் தலைவனிடம் ஒப்புவியாதே என்றும் கூறுகின்றது. லேவியராகமம் ஐம்பதாம் ஆண்டை யூபிலி எனக் குறித்து, விற்ற நிலம் உடையானுக்கு மீள்க என்கின்றது. அதுவே புறவினத்தாரை என்றும் அடிமைகொள்ளலாம் எனவும் விதித்தது, அக்குற்றம் குற்றமே. ஆயின் கல்வராயன் மலைக்கு ஏழாம் ஆண்டும் வந்ததில்லை, ஐம்பதாம் ஆண்டும் வந்ததில்லை. இது நகைத்தற்கு இடமா, நாணுதற்கு இடமா?

அஃது அரசியல், சமயமன்று. எந்த ஆகமமும் அதனை விதித்ததில்லை எனின், அதனால் பழி குறையாது, மிகும். விதித்த நூலைப் பின்பற்றிக் கொடுமை செய்தான் பேதைமையாற் பிழைத்தான். விதியாதிருந்தும் அதனைப் பார்த்திருந்தான் எதனாற் பிழைத்தான்? அன்றியும், கோயிலுக்கு ஆட்கள் விற்கப்பட்ட செய்தியைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பல கூறுகின்றன. அவற்றை மறைத்துவிட்டு மோசேயை வினாவுதல் சைவர்க்கு அழகன்று.

சைவர் கைக்கொள்ளவேண்டிய அளவுகோல் அக்கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த திருநாவலூர் அம்மாவட்டத்தது. அவர் திருமணத்தில் இறைவன் முதிய அந்தணராய் வந்து, நின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என வழக்கிட்டதும், அண்டையிலுள்ள திருவெண்ணெய்நல்லூர் அவையில் அவ்வழக்கு வென்றதும் பெரியபுராணத்தாற் சைவரெல்லாரும் அறிவர். அத்திருவெண்ணெய்நல்லூரே மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளிய தலம். பசுக்கள் அனைத்தும் பதிக்கே அடிமை என்பது ஆண்டுத் தோன்றிய சித்தாந்தத்தின் துணிபு. ஒருவனுடைய உடைமை மற்றோர் உடைமைக்கு உடையவனாதல் இல்லை. ஆகவே ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தன் பொருள் என்று கொள்ளுதல், பதியின் ஆளோலையைத் திருத்தி எழுதுதலேயாம். அவ்வாறு எழுதும் விதி எம்மொழியில் இருப்பினும், எந்நூலில் இருப்பினும், இறைவன் திருவுள்ளத்தினின்று வந்ததன்று.

இவ்வளவுகோல் கொண்டு யாத்திராகமத்தின் விதியைத் தள்ளுக. அதுகொண்டே கோயிற் கல்வெட்டின் அடிமைத்தனத்தையும் தள்ளுக. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நலம் குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தது. நீதிமன்றம் கண்ட குறையைச் சைவ சபைகளும் காணுதல் வேண்டும். பிறர் வேதத்திற் கொடுமை தேடும் பொழுதிற் பாதியை, அம்மலைமேல் ஒரு பாடசாலைக்கும் ஒரு மருந்துச்சாலைக்கும் பயன்படுத்துவாராயின், நாவலர் தொடங்கிய வாதம் நிறைவெய்தும்.

திருச்சிற்றம்பலம்.