இரண்டு ஊசிகள்

பிடோக் பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவங்காடியில், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு நேரே வந்து அமர்ந்து, 'தே சி கொசோங்' என்று சீனியைக் கண்டிப்பாய் விலக்கிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இரண்டு பிராட்டாவுக்குச் சொல்லும் நம்மவர்களை அறியாத வைத்தியர் இவ்வட்டாரத்தில் எவரும் இருக்கமாட்டார். அத்தகைய ஓர் அம்மையார், பல ஆண்டுகளாக இன்சுலின் என்ற பேச்சையே எடுக்கவிடாதவர், அண்மையில் என் அறைக்கு வந்து, "டாக்டர், வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கிறாங்களே, அந்த ஊசியை எனக்கும் எழுதிக் கொடுங்களேன்" என்றார். "ஊசியே வேண்டாம் என்றீர்களே, அம்மா?" என்றேன். "அது வேற, இது வேற. அது கடைசியில போடுறதாச்சே!" என்றார்.

விஞ்ஞானத்தின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாய்ப் பிணைந்த பெப்டைடு இன்சுலின். வாராந்தர ஊசியாகிய செமாகுளூடைடு எதைப் பின்பற்றி ஆக்கப்பட்டதோ, அந்த ஜிஎல்பி-1 என்பது ஆகாரம் இறங்கியதும் குடலின் எல்-உயிரணுக்கள் சுரக்கும் 30 அமினோ அமிலங்களைக் கொண்ட பெப்டைடு. சர்க்கரையை ஏற்றிவிடும் குளூகாகானும், அதனை இறக்க உதவும் ஜிஎல்பி-1-உம் ஒரே மூலப் புரதத்திலிருந்து, ஒன்று கணையத்திலும் மற்றொன்று குடலிலுமாக, வெட்டியெடுக்கப்படுகின்றன என்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிஷங்களுக்குள் பாதியாய்ச் சிதைந்துவிடுகிறது. செமாகுளூடைடோ பாதியாய்க் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது.

எனினும் குலம் ஒன்றாயினும் தொழில் ஒன்றன்று. ஜிஎல்பி-1 இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பசியைத் தணிக்கும், குளூகாகானை அடக்கும். ஆனால் அதன் பிரதான காரியம், சர்க்கரை உயர்ந்திருக்கும் வேளையில் பீட்டா உயிரணுக்களின் கதவைத் தட்டி இன்சுலினை வெளியே அழைப்பதேயாகும். உள்ளே ஆளில்லாத வீட்டின் கதவை எத்தனை நாள் தட்டி என்ன பயன்? இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படும் காலத்திலேயே பீட்டா உயிரணுக்களின் திறன் சுமார் பாதி குன்றியிருக்கிறது என்பதையும், ஆண்டுதோறும் அது மேலும் குன்றுகிறது என்பதையும் பிரிட்டனின் நீண்டகால ஆராய்ச்சி நமக்கு முன்பே உணர்த்தியிருக்கிறது. புதிய ஊசியின் உற்சாகத்தில் இன்சுலினை அவசரமாகக் குறைத்தோ நிறுத்தியோ விட்டதால் சிலருக்குக் கீட்டோ அமிலத்தன்மை நேர்ந்ததைச் சுட்டி, 2019இல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் இது பற்றியே. இன்சுலினோடு சம அளவில் வெளிப்படுவதும், நாம் ஊசியில் ஏற்றும் இன்சுலினில் இல்லாததுமான சி-பெப்டைடு, வீட்டில் ஆளிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சாட்சி. ஐயமுள்ள இடத்தில் அதைக் கேளாமல் மருந்தை மாற்றுவது விவேகமாகாது.

இவ்வளவும் நாம் அறிந்ததே. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, 1922இல் டொராண்டோவில் சாவின் வாயிலிருந்த சிறுவனை மீட்ட இன்சுலின் என்னும் ஔஷதம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிடோக்கின் அடுக்குமாடி வீடுகளில் சாவின் முன்னறிவிப்பாக எப்படி மாறியது என்பதே. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் சீனரிடையே 9.7 விழுக்காடாயிருந்த நீரிழிவு, இந்தியரிடையே 17.2 விழுக்காடாயிருந்தது. ஆகவே ஊசி போட ஆரம்பித்த பின் காலை இழந்த ஒரு மாமாவோ பெரியப்பாவோ இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. காலைக் கொண்டுபோனது பல்லாண்டுக் காலம் ஓங்கி நின்ற சர்க்கரை என்பதையும், ஊசி வந்ததே காலங்கடந்து என்பதையும் எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? "அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் இன்சுலின்தான்" என்று, பள்ளிக்கூடத்துப் பிரம்பைப் போல அதனை மேசைமேல் வைத்து மிரட்டியவர்களும் நாமேயன்றோ? நானும் மிரட்டியிருக்கிறேன். தண்டனையாய் அறிமுகமான பொருளை நோயாளி சிகிச்சையாய் ஏற்றுக்கொள்வார் என எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

வாராந்தர ஊசி நமக்கொரு நல்ல சந்தர்ப்பத்தை அளித்திருக்கிறது. மக்கள் அஞ்சியது ஊசி முனைக்கன்று, இன்சுலின் என்ற சொல்லுக்கே என்பதை அது ஐயமற நிரூபித்துவிட்டது. ஆதலால், கணையத்தின் சக்தி குன்றிக்கொண்டே போவது இவ்வியாதியின் இயல்பு என்பதையும், இன்சுலின் தேவைப்படுவது எவருடைய குற்றமுமன்று என்பதையும் நோயைக் கண்டறிந்த முதல் நாளிலேயே சொல்லிவிடுவதும், அந்தப் பழைய மிரட்டல் வாக்கியத்தை நம் நாவிலிருந்து அடியோடு விலக்குவதும் சகவைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இவ்விதழ் விடுக்கும் வேண்டுகோள்.

அந்த அம்மையாரின் சி-பெப்டைடு மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு தாளில் கணையத்தையும் குடலையும் வரைந்து, கதவைத் தட்டுவது எது, உள்ளே இருக்கவேண்டியது எது என்று கால்மணி நேரம் விளக்கினேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றிரவே இன்சுலின் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். எழுந்து போகும்போது, "இதை இத்தனை வருஷமா ஏன் டாக்டர் சொல்லலை?" என்று கேட்டார்.