ஒருவர் மதிப்பெண் ஒருவருக்கே

விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று என அண்ணா பல்கலைக்கழகத்துக்கு உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்கள் இரண்டிலும் முதல் பருவத்திலேயே பைதான் பாடம் உண்டு. மெக்கானிக்கல், சிவில் என எந்தப் பிரிவுக்கும் விலக்கில்லை. ஆனால் பலருக்கு அது ஃபிபோனாச்சி எண்களை அச்சிடுவதோடு முடிந்துவிடுகிறது. தேர்வுக்குப் பிறகும் பைதானுக்கு வேலை இருக்கிறது.

ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள், மீதிப் பேர் விழுப்புரத்துக்காரர்கள். எல்லோருடைய மதிப்பெண்ணும், வீட்டுக் கைபேசி எண்ணும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. அதை அப்படியே இணைத்து 60 பேருக்கும் அனுப்புவது சுலபம். ஆனால் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் வீட்டில் சொல்வதற்கு முன்பே மற்ற 59 பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மாணவிகளின் எண்கள் யார் யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதிலாக எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பியது. அதில் மறைந்திருந்த ஒரு தாளைக் கவனிக்காமல் விட்டதால், 9,000-க்கும் மேற்பட்ட காவலர்கள், ஊழியர்களின் விவரங்கள் இணையத்தில் வெளியாகிவிட்டன. மறைத்த தாள் அழிந்த தாள் ஆகாது!

பைதானில் இதற்கு 20, 30 வரிகள் போதும். ஓபன்பைஎக்செல் என்னும் நிரல் தொகுப்பு கோப்பை வரிசை வரிசையாகப் படிக்கும். பைதானுடனேயே வரும் எஸ்எம்டிபிலிப் மின்னஞ்சலை அனுப்பும். ஒவ்வொருவருக்கும் அவருடைய வரிசை மட்டுமே போகும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். மதிப்பெண் பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்தினால் பெயரும் மதிப்பெண்ணும் இடம் மாறிவிடும். அந்தத் தவற்றை நிரல் கண்டுபிடிக்காது, ஒரு நிமிடத்தில் 60 பேருக்கும் அனுப்பிவிடும். ஆகவே முதலில் நாலைந்து மின்னஞ்சல்களைத் தன் முகவரிக்கே அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அனுப்பியதைக் குறிக்க ஒரு பத்தி வைத்து, ஒவ்வொரு மின்னஞ்சல் போனதும் அதைச் சேமிக்க வேண்டும். அப்படிச் செய்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜிமெயில் 2022 மே மாதத்திலிருந்து இத்தகைய நிரல்களுக்குச் சாதாரண கடவுச்சொல்லை ஏற்பதில்லை. செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வாங்க வேண்டும். அதை நிரலுக்குள் எழுதி நண்பர்களுக்குப் பகிரக் கூடாது.

நிரல் எழுதினால் நேரம் மிச்சம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய லாபம், ஒருவர் விஷயம் ஊர் விஷயம் ஆகாமல் இருப்பது. முதல் பருவத்தில் படித்த பைதானுக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு கிடைக்குமா?