ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. எழுந்து, மைக்கை வாங்கி, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். விசா வந்துவிட்டது, வீட்டுக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, பையனுக்கு நீட்டில் மார்க் கிடைத்தது, ஸ்கேனில் கட்டி இல்லை. நான் குறை சொல்லவில்லை. நன்றி சொல்வது நல்ல பழக்கம். ஆனால் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று பிடிபடும். எல்லாச் சாட்சியும் கைகூடிவிட்ட காரியத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. விசா வராதவர் எழுந்திருப்பதில்லை. ஜெபித்தும் ஒன்றும் நடக்காமல் வருஷங்களை ஓட்டிக்கொண்டிருப்பவர் பக்கம் மைக் போவதே இல்லை. விசுவாசம் என்ற ஒன்று யாருக்காவது அன்றாடச் செலவுக்குத் தேவைப்படுகிறதென்றால் அது அவருக்குத்தானே?

இந்த யோசனை வரும்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலை நினைவுக்கு வரும்.

இன்றைக்குக் காரவள்ளியில் வண்டியைத் திருப்பினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வராதவர்கள் மேலே போய் அன்னாசியும் பலாவும் வாங்கி வரலாம். 1913-இல் ரோடு ஏது? சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து கால்நடையாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் டோலி. மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் மலையில் ராத் தங்கமாட்டார்கள். அந்த வருஷம்தான் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர், கல்யாணமான கையோடு மனைவி ஈவ்லினைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் படித்தவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். டாக்டர் பட்டம் கிடையாது. மிஷனரிகளுக்கென்று நடந்த ஒரு வருஷ வைத்தியப் பயிற்சி மட்டும் உண்டு. பலகைகளை ஆள் வைத்துச் சுமந்து மேலே கொண்டுபோய், கம்பங்கள்மேல் நிற்கிற மாதிரி ஒரு மர வீட்டைக் கட்டினார்கள்.

மலையில் அவர்களுக்காகக் காத்திருந்த வேலைகளில் ஒன்று நரம்புச் சிலந்தி. இந்தத் தலைமுறைக்குப் பெயரே தெரியாது. 2000-இல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. அப்போது நிலைமை வேறு. படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறு. அதில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தண்ணீர்ப்பூச்சி. பூச்சிக்குள் புழுவின் குஞ்சு. குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. அதற்குள் புழு உடம்புக்குள்ளேயே இரண்டு மூன்று அடி நீளம் வளர்ந்து, காலில் கொப்புளமாகக் கிளம்பும். நெருப்பு பட்ட மாதிரி எரியும். எரிச்சல் தாளாமல் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார். புழு அந்த நேரம் பார்த்துத் தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அடுத்தவர் வந்து குடம் மொள்ளுவார்.

புழுவை வெளியே எடுக்க இன்றுவரை மாத்திரை கிடையாது. தலை நீட்டும் புழுவின் நுனியைப் பிடித்து ஒரு சின்னக் குச்சியில் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் இரண்டு. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே நின்றுபோன பாதி சீழ் பிடித்துக் கால் வீங்கிவிடும். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் சுற்றி, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டி அனுப்பி, நாளைக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் இதே வேலை. அப்பா உட்கார்ந்து இப்படிச் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த நினைவு அவர் மகன் பாலுக்குக் கடைசிவரை இருந்தது. ஜெஸ்ஸி அதோடு நிற்கவில்லை. கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவைத்தார், யாரும் கால் நனைக்காமல் வாளி விட்டு இறைக்கும்படி. கொத்தனார் வேலையும் ஊழியம்தான் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். மருந்து கொடுத்து மதம் மாற்ற வந்தவர்கள்தானே? ஆமாம், ஜனங்கள் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கணக்கைப் பார்க்கலாம். வருஷங்கள் போயும் சபை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கூடவில்லை. ஊர்ப் பூசாரி எதிர்த்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் எதிர்த்திருப்பார்கள். ஜனங்கள் வந்தார்கள், புழுவைச் சுற்றிக்கொண்டார்கள், பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் மறுநாளும் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வியாபாரமாக இருந்தால் இரண்டாவது வருஷமே கடையைக் கட்டியிருக்க வேண்டும். அன்பை எப்படிச் சோதிப்பது என்று என்னைக் கேட்டால், பலன் வராத வருஷத்தில் வேலை நின்றதா நடந்ததா என்று பார்ப்பேன். வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

1918-19 இன்ஃபுளூயன்சா மலையையும் விடவில்லை. பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். சாகக் கிடந்தவர்களில் அந்தப் பூசாரியும் ஒருவர். பயத்தில் அவர் வாசலை யாரும் மிதிக்காதபோது எதிராளிகள் என்று அவர் நினைத்திருந்த இந்த இரண்டு பேர் போனார்கள். சாவதற்கு முன்னால் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். மலை ஜனம் அவர்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இவர்களைப் பயமே அறியாதவர்களாக வர்ணிப்பது சுலபம். உண்மை அப்படி இல்லை. ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜெஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் கால் புண்களைக் கழுவி மருந்து போட்டார். அவர்கள் போன பிறகு, அந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்தக் காலத்து மருத்துவ அறிவு அவ்வளவுதான். எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்ததே அந்தக் கையுறைதான். நடுங்கிக்கொண்டே குனிந்திருக்கிறார், ஆனால் குனிந்திருக்கிறார்.

அன்று ஒதுங்கி நின்று பார்த்த பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அவர் கதை பலருக்குத் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் இந்தக் கைக்குள் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. செத்த தசையின் வேலையை அவற்றுக்கு மாற்றிக் கொடுக்கலாமே! அந்த ஒரு கைகுலுக்கலிலிருந்து கிளம்பியதுதான் தொழுநோயாளிகளின் விரல்களை மறுபடி விரியவைத்த தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன என்று கண்டு சொன்னவரும் அவரே. அப்பா கையுறையோடு தொட்டார், மகன் வெறுங்கையைக் கொடுத்தார். ஒரு குடும்பத்தில் பயம் தெளிய ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு மகனைவிட அம்மாவைத்தான் அதிகம் பிடிக்கும். 1929-இல், 44 வயதில், மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டிருந்த பாலுக்குச் சாவுத் தந்தி வந்த பிறகும், கப்பல் தபாலில் அப்பாவின் பழைய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கணவர் போனதும் மிஷன் ஈவ்லினைக் கீழே சமவெளி வேலைக்குப் போட்டது. மனசெல்லாம் மலையில். எழுபதை ஒட்டிய வயதில், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்புங்கள் என்றார்கள். வழியனுப்ப வந்தவர்களிடம் ஈவ்லின் நிதானமாகச் சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன். குடிசைக்கு வேண்டிய சாமான்களை ஏற்கெனவே ரகசியமாக மேலே அனுப்பியிருந்தார்! கிழவிகளின் தந்திரத்துக்கு எந்தக் கமிட்டியும் ஈடு கொடுக்க முடியாது.

அதன் பிறகுதான் அவருடைய உண்மையான ஊழியமே. மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார், விழுந்தார், எலும்பு முறிந்தது. மறுபடி ஏறினார். நடக்க இரண்டு மூங்கில் தடிகள். கொல்லிமலை போதாதென்று கல்வராயன்மலை வரை போனார். போதும், வந்து ஓய்வெடுங்கள் என்று டாக்டர் மகன் வாதாடிப் பார்த்தார். உபயோகப்படுத்தாமல் இந்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்கிற ரீதியில் பதில் வந்தது. அப்போது அவருக்கு வயது 75. கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. பந்தா இல்லை, அதைப் பார்க்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். மலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இதெல்லாம் பெரிய மனுஷர்கள் கதை, நமக்கு எங்கே என்று கை கழுவிவிட வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்க எங்கள் சபையில் ஓர் அக்கா இருக்கிறார். பின்வரிசை, மின்விசிறி ஓடாத இடம். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். புரட்டிப் படுக்கவைப்பது, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, குழாய் அடைத்துக்கொண்டால் ஓடுவது. ஒரு வாரம் வந்தால் இரண்டு வாரம் வரமாட்டார். நீங்கள் ஏன் சாட்சி சொல்வதில்லை என்று வாய் தவறி ஒருமுறை கேட்டேன்.

“என்னத்த சொல்றது தம்பி? டியூப் அடைக்காம இருந்தா அன்னைக்கு ஸ்தோத்திரம். அடைச்சா நர்ஸம்மாவுக்கு போன் பண்ணணும். அவ்வளவுதான்” என்றார்.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பேசி, ஞாயிறு காலை ஆராதனை நேரத்துக்கு மட்டும் யாராவது ஒருவர் அந்த வீட்டில் இருப்பது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அக்கா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், “ஆம்பளைங்க வேணாம், அத்தை கூச்சப்படுவாங்க” என்ற நிபந்தனையோடு சரி என்றார். நியாயம்தான். ஆண்களுக்கு மருந்துக்கடை வேலை. இந்த மாசம் என் முறை. பேன்ட் மாதிரி மாட்டுகிற டயப்பர் வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டுகிறதுதான் வேண்டும், சைஸ் எல், இல்லையென்றால் எம் வாங்கிவிடாதே, கடைக்காரனை வரவழைத்துக் கொடுக்கச் சொல் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.