நெட்டுருப் போட்டால் வாய் திறக்குமா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராததற்கு வீட்டில் பேசும் தமிழே காரணமாம். கையேட்டில் உள்ள நூறு வாக்கியங்களை நெட்டுருப் போட்டால் சரியாகிவிடுமாம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டங்களின் கதை வேறு. அங்கே ஆங்கிலம் யாருக்கு வந்தது? வெள்ளைக்காரத் துரையிடம் அன்றாடம் பேச வேண்டியிருந்த தோட்ட அலுவலகக் கிராணிக்கு. அவர் வீட்டிலும் தமிழோ மலையாளமோதான். பால்மரம் சீவியவருக்கும் துரைக்கும் நடுவே கங்காணி நின்றார். ஆங்கிலம் பேச ஆளே இல்லை. 2003இல் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012 முதல் படிப்படியாகப் பழையபடி ஆயின. பாடம்தான் மாறியது, பேச்சுத்துணை வரவில்லை.

சிரம்பான் கடையில் "ஹவ் டூ யூ டூ" என்று ஆரம்பித்துப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார். "கேன் ஆர் நாட்?" என்றால் பேரம் நடக்கும். மலாய்க்காரரும் சீனரும் நாமும் சேர்ந்து பழக்கிய நடை அது. அதை ஓட்டை ஆங்கிலம் என்பது சுத்த அசட்டுத்தனம். நேர்முகத் தேர்வுக்கு "குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?" வேண்டும்தான். அதையும் எதிரே ஒருவர் உட்கார்ந்து, புரியாதபடி வேகமாக ஒரு கேள்வி கேட்டுத்தான் பழக்க முடியும். அதற்கு ஆளனுப்பாமல் கையேடு அனுப்புகிறவர்கள் பெற்றோரின் தமிழைக் குறைசொல்ல வேண்டாம்.